இளவேனிலில் கடலோரக் கிராமத்தின் காவல்: கரைக்கு எந்த நிலையம், கடலுக்கு எந்த நிலையம்?

கேள்வி
எழுதியவர்: வேதாரண்யம் கரையோரவாசி

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஊரின் கிழக்குப் பாதி மீனவர் குடியிருப்பு, மேற்குப் பாதி தென்னையும் மாந்தோப்பும் சவுக்கும் நெல்வயலும். இந்த ஆண்டு ஊர்த் திருவிழாக் குழுவில் எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள்; அதனால்தான் இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்கிறேன்.

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது எங்கள் ஊரில் பல விஷயங்கள் ஒரே சமயத்தில் கூடிவிடுகின்றன. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதால் விசைப்படகுத் தொழிலாளர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பத்து நாளுக்கு இரவு முழுவதும் ஊர் விழித்திருக்கும். தேர்வு முடிந்த பிள்ளைகள் பகலெல்லாம் கடலில் கிடப்பார்கள். வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு குளிக்க வருபவர்களின் கூட்டமும் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகிறது. கரையேற்றிய படகுகளில் பேட்டரியும் ஜி.பி.எஸ். கருவியும் காணாமல் போவதும், வெளியூர் போன குடும்பத்தின் பூட்டிய வீடு உடைக்கப்படுவதும் இந்த இரண்டு மாதங்களில்தான்.

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு மாலை, வெளியூர் இளைஞர் ஒருவர் அலையில் இழுபட்டார். நாங்கள் ஒரு காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அது கடல் சம்பந்தப்பட்டது என்று இன்னொரு நிலையத்தின் எண்ணைக் கொடுத்தார்கள். அந்த நிலையத்திலோ, கரையிலிருந்து குளிக்க இறங்கியவர் என்றால் உள்ளூர் நிலையத்தில்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். இந்தப் பேச்சு முடிவதற்குள் எங்கள் ஊர்ப் பையன்கள் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போய் அவரைத் தூக்கி வந்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

எங்களைப் போன்ற ஊருக்குக் காவல் பொறுப்பு உண்மையில் யாருடையது, சீசன் தொடங்கும் முன் யாரிடம் என்ன கேட்டு வைக்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்

தம்பி, உங்கள் கேள்வியில் இருக்கும் குழப்பம் மக்களுக்கு மட்டுமல்ல, புதிதாகப் பணிக்கு வரும் காவலருக்கும் உண்டு. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் சட்டம் ஒழுங்கிலும் கடலோரக் காவல் நிலையத்திலும் பணியாற்றியவன்.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் ‘மரைன் போலீஸ்’ என்று சொல்வது தமிழ்நாடு காவல்துறையின் ஒரு பிரிவான கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை. இது 1994இல் அமைக்கப்பட்டது. 2008இல் மும்பைக்குக் கடல்வழியாக வந்தவர்கள் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு நிலையங்களும் படகுகளும் வேகமாகப் பெருகின. 12 டன், 5 டன் விரைவுப் படகுகளும், மணலில் ஓடும் நான்கு சக்கர ரோந்து வண்டிகளும் இவர்களிடம் உண்டு. இவர்களின் கட்டணமில்லா எண் 1093. வெள்ளைக் கப்பலில் வரும் இந்தியக் கடலோரக் காவல்படை ஒன்றிய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. அவர்களின் அவசர எண் 1554. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ரோந்து போவது முதலாமவர்களின் வேலை, அதற்கு அப்பால் பெரும்பாலும் இரண்டாமவர்கள். மீன்பிடிச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது மீன்வளத் துறை. அந்தத் துறையில் அயல்பணியாகக் காவலர்களைக் கொண்ட கடல் அமலாக்கப் பிரிவும் இருப்பதால், காக்கி உடையைக் கண்டவுடன் எல்லோரும் ஒரே நிலையத்தார் என்று நினைத்துவிடுகிறோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊருக்குள் திருட்டு, அடிதடி, திருவிழாப் பாதுகாப்பு, சாலை விபத்து ஆகியவை எல்லாம் உள்ளூர் சட்டம் ஒழுங்கு நிலையத்தின் பொறுப்பு. கடலில் படகு கவிழ்வது, நடுக்கடலில் வலையும் எஞ்சினும் பறிக்கப்படுவது, கரையில் சந்தேகத்துக்குரிய படகோ மூட்டையோ ஒதுங்குவது போன்றவை கடலோரக் காவல் நிலையத்துக்கு உரியவை. உங்களுக்கு அது வேதாரண்யத்திலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன சம்பவத்தைப் போல ஓர் உயிர் அலையில் தத்தளிக்கும்போது இந்தப் பிரிவினையைப் பற்றி நீங்கள் யோசிக்கவே கூடாது. 112 அல்லது 100இல் சொல்லுங்கள், இன்னொருவர் அதே நேரத்தில் 1093இல் சொல்லட்டும், மூன்றாமவர் 108க்குச் சொல்லட்டும். எல்லை எது என்று முடிவு செய்வது காவல்துறை தனக்குள் செய்துகொள்ள வேண்டிய வேலை. அதைத் தகவல் சொன்னவர் தலையில் ஏற்றியது தவறு, அந்தத் தவறைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்கிறேன்.

புகார் விஷயத்திலும் சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு முறையில் அனுப்பியிருந்தால் மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. ‘எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் வந்தால் இந்தப் பிரிவை மரியாதையாக நினைவூட்டுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

சீசனுக்கு முன் என்ன கேட்பது என்றீர்கள். என் அனுபவத்தில், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு நிலைய ஆய்வாளர்களையும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசியதுதான் வேறு எதையும் விடப் பலன் கொடுத்தது. உங்கள் ஊர் எந்தக் காவலரின் பொறுப்பில் இருக்கிறது, இரவு ரோந்து எத்தனை மணிக்கு எந்தப் பாதையில் வருகிறது, ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டாப் புத்தகம் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்பனவற்றைக் கேளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து படகும் நீச்சலும் தெரிந்த பத்துப் பேரின் கைபேசி எண்களை இரண்டு நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள். காவல் வண்டி உங்கள் ஊருக்கு வந்து சேர எவ்வளவு விரைந்தாலும் இருபது நிமிடம் ஆகும். அலையில் சிக்கியவரை மீட்பது எப்போதும் கரையில் நிற்கும் உங்கள் பிள்ளைகள்தாம், இதை எந்த நல்ல ஆய்வாளரும் மறுக்கமாட்டார். அந்தப் பிள்ளைகளைக் கடலோர ஊர்க்காவல் படைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

திருவிழாவுக்கு ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி நேரம், பட்டாசு, தேர் போகும் தெருவில் மின்கம்பி ஆகிய நான்கையும் மனுவில் எழுதிவிடுங்கள். மின்வாரியத்துக்குத் தனியாக ஒரு மனு வேண்டும். தேர் நகரும்போது மின்சாரத்தை நிறுத்தத் தவறியதால் தமிழ்நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தது உங்கள் டெல்டாப் பகுதியில்தான்.


பதில் 2
எழுதியவர்: குமரிக் கடற்கரைப் பெண்

ஐயா எழுதியதோடு ஒரு விஷயத்தைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் மாவட்டம் அதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

சித்திரை, வைகாசி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று எழுந்து கரையேறும். இதை எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்பார்கள். தென் இந்தியப் பெருங்கடலில், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயலில் பிறக்கும் நீண்ட அலைகள் சில நாள் பயணித்து நம் கரையை அடைகின்றன. உள்ளூரில் எந்த அறிகுறியும் இல்லாமல் கள்ளனைப் போல வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6ஆம் நாள் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். ஒரு திருமணத்துக்கு வந்த பிள்ளைகள். கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கை முன்பே வெளிவந்திருந்த நேரம் அது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளைப் பற்றி மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு தருகிறது. சிக்கல் அறிவிப்பில் இல்லை, அது கரையில் நிற்பவர் காதுக்கு எப்படிப் போகிறது என்பதில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மீன்வளத் துறைக்கும், அங்கிருந்து மீனவர் வாட்ஸாப் குழுக்களுக்கும் தகவல் வந்துவிடும். மீனவர் எவரும் அன்று இறங்கமாட்டார். வெளியூரிலிருந்து வந்து குளிக்கும் குடும்பத்துக்கு அந்தக் குழுவும் இல்லை, அலையைப் படிக்கும் கண்ணும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது சீருடை அணிந்த ஒரு காவலர் கரையில் நிற்பதுதான். ஊர்க்காரர் போகாதீர்கள் என்று சொன்னால், ‘நீ யார் சொல்வதற்கு’ என்று சண்டைக்கு வருகிறவர், காவலரின் ஒரு விசிலுக்குத் திரும்பி நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் மனுவில், எச்சரிக்கை உள்ள நாளிலும் சனி, ஞாயிறு மாலைகளிலும் நான்கு மணி முதல் ஏழு மணி வரை கரையில் காவலர் வேண்டும் என்று நேரத்தோடு கேளுங்கள். பொதுவாகப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

கோயில் ஒலிபெருக்கியையும் இதற்குப் பயன்படுத்தலாம். எங்கள் ஊரில் பங்குக் கோயில் மணியடித்து அறிவிப்பார்கள். அந்த ஒலிக்குக் கடலிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள்.


பதில் 3
எழுதியவர்: விசைப்படகு உரிமையாளர், நாகை

தடைக்காலத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றவற்றை ஐயா சொல்லிவிட்டார்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017இல் 61 ஆனது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. இந்த வேறுபாடுதான் கரையில் பகை மூளும் இடம். பதிவெண்ணில் எம்.எம். என்று இருக்கும் விசைப்படகுக்காரன் 61 நாள் வருமானம் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருக்க, எம்.ஓ. என்று இருக்கும் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு மீனோடு வருவதைப் பார்ப்பான். இன்னொரு பக்கம், தடையை மீறி விசைப்படகு ஒன்று இரவில் இறங்கினால் நாட்டுப்படகுக்காரரின் வலை அறுந்து போகும். நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் அரசு அறிவித்தது நல்ல காரியம், ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு தாங்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இத்தகைய மோதலில் நல்ல காவலர் செய்வது ஒன்றுதான். கைகலப்பு ஆகும்வரை காத்திருக்காமல், தடை தொடங்கும் வாரத்திலேயே இரு தரப்பு நாட்டார்களையும் (மீனவ ஊர்த் தலைவர்களையும்) மீன்வளத் துறை ஆய்வாளரையும் உட்கார வைத்துப் பேசிவிடுவது. எங்கள் துறைமுகத்தில் ஓர் ஆண்டு அப்படி ஓர் ஆய்வாளர் செய்தார். அந்த 61 நாளும் ஒரு வழக்குக்கூட இல்லாமல் கழிந்தது.

படகுப் பொருள் திருட்டுக்கு வருகிறேன். கரையேற்றியவுடன் எஞ்சின் எண், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் கருவி ஆகியவற்றின் வரிசை எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண் இல்லாமல் புகார் கொடுத்தால், பிடிபட்ட பொருளே கண்முன் இருந்தாலும் உங்களுடையது என்று நிரூபிக்க முடியாது. நான் அப்படி இழந்திருக்கிறேன்.

கடைசியாக, சாராயம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. 2023 மே மாதம் மரக்காணத்துக்கு அருகில் எக்கியார்குப்பம் என்ற மீனவ கிராமத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடைக்காலம் நடந்துகொண்டிருந்த மாதம் அது. வேலையில்லாத கையும் மலிவான பாக்கெட்டும் சேரும் இடம் எது என்று விற்பவனுக்கு நன்றாகத் தெரியும். நம் மாவட்டத்துக்குக் காரைக்கால் பக்கத்திலேயே இருப்பதால் பாக்கெட் சாராயம் இருசக்கர வண்டியிலேயே வந்துவிடுகிறது. மதுவிலக்குப் பிரிவின் எண் 10581. சொல்பவர் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையை உங்கள் ஊர் நிலையம் கொடுத்தால்தான் யாரும் சொல்வார்கள். அந்த உறுதியை ஆய்வாளரிடம் நேரிலேயே கேளுங்கள்.


பதில் 4
எழுதியவர்: மகளிர் குழு ஆசிரியை

யாரைக் கூட்டிப் பேசுவது என்று வரும்போது, மேலே ஊர்ப் பெரியவர்கள், நாட்டார்கள் என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்த மேசையில் ஒரு பெண்ணும் உட்காரவில்லை என்றால், ஊரின் பாதிப் பேருக்கு என்ன பயம் என்பது காவல் நிலையத்துக்குத் தெரியாமலே போகும் என்பதைப் பணிவோடு சொல்கிறேன்.

ஆண்கள் இரண்டு மாதம் வருமானமின்றி வீட்டில் இருக்கும்போது நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார், குடித்துவிட்டு அடிப்பதும் கூடுகிறது. எங்கள் குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சு ஆண்டு முழுவதும் இருந்தாலும், சித்திரையிலும் வைகாசியிலும் வருவது போல வேறு மாதங்களில் வருவதில்லை. அடிபட்ட பெண் நிலையத்துக்குப் போனால், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துக்கொள் என்று திருப்பி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பேசித் தீர்ப்பது படகுத் தகராறுக்குப் பொருந்தலாம், கை உடைந்தவளுக்குப் பொருந்தாது. பெண்கள் உதவிக்கான 181 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் நியாயவிலைக் கடைச் சுவரிலும் ஏலக்கூடத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள். பெண்கள் கூடும் இடம் அவைதான்.

பூட்டிய வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. வெளியூர் போகும் நாட்களை நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் இரவு ரோந்துக் காவலர் அந்த வீட்டையும் பார்த்துப் போவார். எங்கள் தெருவில் நாங்கள் குழுவாகச் சேர்ந்து பட்டியல் எழுதிக் கொடுக்கிறோம். யார் வீடு எந்த நாள் பூட்டியிருக்கும் என்பதை வாட்ஸாப்பில் மட்டும் போடவே போடாதீர்கள். தடைக்கால நிவாரணம் வந்திருக்கிறது, வங்கி விவரம் சொல்லுங்கள் என்று கேட்டு வரும் அழைப்புகளும் இதே காலத்தில்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையவழி மோசடிக்கான உதவி எண் 1930இல் சொல்ல வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையிலேயே முடக்க வாய்ப்புண்டு.


பதில் 5
எழுதியவர்: வேதாரண்யம் கரையோரவாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னது என் மனத்தில் தைத்தது. நாங்கள் எழுதி வைத்திருந்த குழுவில் ஏழு பேரும் ஆண்களே. மகளிர் குழுவிலிருந்து மூவரைச் சேர்க்கும்படி நேற்று இரவே பேசிவிட்டேன். இரண்டு ஆய்வாளர்களுக்கும் ஒரே மனுவின் இரு படிகளைக் கொடுத்து, பங்குனி உத்திரத்துக்கு முன்பே ஒரு நாள் கேட்கப் போகிறோம். குமரிச் சகோதரி சொன்னபடி நேரத்தையும் கிழமையையும் எழுதியிருக்கிறேன்.

கேட்க மறந்த ஒன்று. எங்கள் கரையில் இந்த மாதங்களில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட்டுப் போகும், சித்திரையில் குஞ்சுகள் வெளிவரும். கரையில் காவலருக்காக விளக்குக் கம்பம் கேட்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாக ஊர்ப் பக்கம் இழுத்துவிடும் என்று வனத்துறைக் காவலர் முன்பு சொல்லியிருக்கிறார். இதற்கு என்ன வழி?


பதில் 6
எழுதியவர்: ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்

வனத்துறைக் காவலர் சொன்னது சரி. கரையை நோக்கி விளக்குப் போடாதீர்கள். குடியிருப்பின் பின்பக்கச் சாலையிலும் படகு நிறுத்தும் இடத்திலும் தரையைப் பார்த்துக் கவிழ்ந்த விளக்கு போதும். ரோந்துக் காவலர் கைவிளக்கோடு கரையைப் பார்த்துக்கொள்வார். முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கும் வேலை இரவில் நடப்பதால், அவர்கள் வரும் நேரத்தைக் கடலோரக் காவல் நிலையத்துக்கும் சொல்லி வையுங்கள். இருட்டில் கரையோரம் நடமாடுகிறவர்களைக் கண்டால் ரோந்துக்காரர் நிறுத்தி விசாரிக்கத்தான் செய்வார், முன்பே தெரிந்திருந்தால் இருவருக்கும் சிரமம் இல்லை. பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முட்டையை எடுத்து விற்பவரைப் பிடித்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள், ஊரில் அபராதம் போட்டு விட்டுவிடாதீர்கள்.

அக்கா எழுதிய கண்டிப்பையும் ஏற்றுக்கொள்கிறேன். மனுவில் பெண் காவலர் ஒருவரைத் திருவிழா இரவுகளுக்குத் தனியாகக் கேட்டு ஒரு வரி சேருங்கள், தம்பி. கேட்டால் அனுப்புவார்கள்.